பூனைக் கன்னத்தில் வைத்த பென்சில்

எங்கள் போட்டோக்காரர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். போட்டோ நெகட்டிவ் மேல் பென்சில் ஓட்டிப் பிழைத்தவனுக்குக் காகிதத்தின் மேல் பென்சில் ஓடாது என்று சொல்லித் தட்டிக் கழித்து வந்தேன். இந்தத் தடவை என்னை உட்காரவைத்தது, தச்சநல்லூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி செல்வத்தின் மனக்குறை.

போன மாதம் ஒரு கல்யாணப் பெண்ணை ஆற்றங்கரையில் அரை நாள் நிற்கவைத்து, நாலு விளக்கு வைத்துப் படம் எடுத்திருக்கிறான். அதை நெட்டில் போட்டான். பெண் வீட்டுக்காரர்கள் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கே அவன் மனைவி, அரிசிப் பானைக்குள் சுருண்டு தூங்கும் வீட்டுப் பூனையைச் செல்போனில் எடுத்து, காதும் வாலும் வெட்டுப்பட, அதையும் போட்டாள். சாயங்காலத்துக்குள் முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து இதயம் இதயமாகக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, நாலு லைட் வச்சு எடுத்த புள்ளைக்கு இல்லாத மவுசு, பானையில தூங்குத பூனைக்கு எப்படி வந்துது? நான் கேமராவைத் தூக்கி வச்சிட்டு பூனை வளக்கப் போறேன்" என்றான்.

"வளத்துக்கோ. பானையை மட்டும் கழுவிட்டுச் சோறு பொங்கச் சொல்லு" என்றேன்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இது பெரிய வழக்காகிவிட்டது. நாய்க் கட்சி ஒன்று, பூனைக் கட்சி ஒன்று. நாய்க்கு நன்றி உண்டு, பூனைக்கு என்ன உண்டு என்று ஒருவர். பூனைதான் அழகு, நாய் அசடு என்று இன்னொருவர். நான் சாமி கும்பிடுகிறவன், என் கணக்கு வேறு. நாய்க்கு வைரவர் பக்கத்தில் நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. பிள்ளையாரோ எலிக்கு இடம் கொடுத்துவிட்டார். எலி உட்கார்ந்திருக்கிற சபையில் பூனைக்கு யார் நாற்காலி போடுவார்கள்? அப்படி எந்தச் சன்னிதியிலும் இடம் கிடைக்காத பூனை, இன்றைக்குக் கோயில் கட்டாத குறையாக நெட் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. இதற்குக் காரணம் அழகும் இல்லை, நன்றியும் இல்லை என்பது என் எண்ணம். எனக்கு இது ஒரே ஒரு பூனையிடம் தெரிந்துகொண்ட விஷயம். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருநெல்வேலி டவுனில் பெரியநாயகம் அண்ணாச்சியின் ஸ்டூடியோவில் நான் வேலை பார்த்தேன். இப்போது நெட் இருக்கிற இடத்தில் அன்றைக்கு எங்களுக்கு ஷோகேஸ் கண்ணாடி இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மேல் வரிசையில் கல்யாண ஜோடிகள். நடு வரிசையில் மொட்டை போட்ட குழந்தைகள். கீழ் வரிசையில் ஒரு நாய். ஏரல் பக்கத்து வாழைத்தோட்டக்காரர் ஒருவர் வளர்த்த ராஜபாளையம் நாய் அது. நாற்காலியில் உட்கார்ந்து, முன்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, தோட்டக்காரரைவிட லட்சணமாக இருக்கும். மாப்பிள்ளை போட்டோ எடுக்க வருகிறவர்கள் அந்த நாயைக் காட்டி, "இந்த மாதிரி நிமுந்து உக்காரணும்லா" என்று மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

பூனைப் படம் ஒன்றுகூட அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது கிடையாது. ஒருநாள் அண்ணாச்சியிடமே கேட்டேன்.

"ஏலே, கல்யாணத்துக்குப் போட்டோ புடிக்க வாறவன் மொதல்ல பூனை மூஞ்சில முழிச்சா வெளங்குமா? நாளைக்குப் பொண்ணு மாப்பிள்ளைக்குள்ள சண்டைன்னா என்னையத்தான வந்து கேப்பான்" என்றார்.

நான் பதினாறு வயதில் அங்கே சேர்ந்தவன். முதலில் பிரிண்ட் போடுகிற மருந்துத் தட்டுகளைக் கழுவினேன், பிறகு பிரிண்ட் காயவைத்தேன், அதன் பிறகு ரீடச் மேஜையில் உட்கார வைத்தார்கள். அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அண்ணாச்சியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு யாரையும் சிரிக்கச் சொல்லமாட்டார். "சாமியை நெனச்சுக்கிடுங்க" என்பார். அவரவர் சாமியை நினைக்கும்போது ஒரு முகம் வரும் பாருங்கள், அப்போது அமுக்கிவிடுவார். என்னிடம் சந்தோஷமாக இருந்தால் "ஏலே சங்கரா" என்பார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், மரியாதை கூடிவிடும். "சங்கரலிங்கம், கொஞ்சம் இங்கன வாறியளா" என்று கேட்டால் நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

என் வேலை இதுதான். ரீடச் மேஜை என்பது சாய்ந்த ஒரு மரச் சட்டம். நடுவில் தேய்த்த கண்ணாடி, அதற்குக் கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்ப ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நெகட்டிவைத் தேய்த்த கண்ணாடி மேல் வைத்து, ஒரு சொட்டு வார்னிஷைப் பஞ்சில் தொட்டுத் தடவிக் காயவிட வேண்டும். அப்போதுதான் பென்சில் பிடிக்கும். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கிக்கொள்வேன். முகத்தில் கறுப்பாக இருப்பது நெகட்டிவில் வெளுப்பாக, ஓட்டை மாதிரித் தெரியும். அந்த ஓட்டையைச் சின்னச் சின்னக் காற்புள்ளிகளாகப் பென்சிலால் நிரப்பினால், பிரிண்டில் அந்தக் கறுப்பு இருக்காது. மரு, அம்மைத் தழும்பு, மச்சம், கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் போய்விடும். கை நடுங்காமல் இருக்க, மனதுக்குள் காந்திமதி அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே போடுவேன். டவுனில் அன்றைக்கு நடந்த எத்தனையோ கல்யாணங்களில் என் பென்சிலுக்கும் பங்கு உண்டு. புண்ணியமா பாவமா என்று அம்மனுக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பென்சில் வைக்கக் கூடாது. குழந்தைகளுக்குக் கன்னத்தில் வைத்திருக்கும் திருஷ்டிப் பொட்டு. அதை எடுத்தால் தாய்மார்கள் எங்களை உரித்துவிடுவார்கள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் சேரன்மகாதேவியிலிருந்து செண்பகத்தம்மாள் வந்தார். அந்த ஊர் வாத்தியார் ஒருவரின் மனைவி. வாத்தியார் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கையில் மூடி போட்ட ஓலைப்பெட்டி. நான் பலகாரம் என்றுதான் நினைத்தேன். பெட்டி மியாவ் என்றது.

உள்ளே ஒரு மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து சாமியை நினைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கேமராவிலிருந்து தலையை எடுத்து, "யம்மா, அதை வெளிய வையுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் மூடி திறந்துவிட்டது. பூனை, அருவி வரைந்த எங்கள் திரைச்சீலைக்குப் பின்னால் போய்ப் புகுந்துகொண்டது. மாப்பிள்ளையின் தாய்மாமா எழுந்து நின்று, "சகுனமே சரியில்லையே" என்றார். அதை வெளியே எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அருவியில் இரண்டு கிழிசல். என் கையில் மூன்று. அந்த மாப்பிள்ளை வீட்டார் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அண்ணாச்சி கோபப்படவில்லை, தண்ணீர் குடித்துவிட்டு, "இப்ப சொல்லுங்க, என்ன விஷயம்?" என்றார்.

அந்த அம்மா சொன்னது இதுதான். ஒரே மகள் கோமதி. பம்பாயில் கட்டிக் கொடுத்திருக்கிறது. தலைப்பிள்ளை, ஆறு மாதக் கர்ப்பம். கல்யாணமாகிப் போன மூன்றாம் மாதத்தில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அந்த அம்மா, சின்னக் காய்ச்சல்தான், நன்றாக இருக்கிறார் என்று மூன்று கடிதம் எழுதினார்கள். நாலாவதாகத் தந்தி போனது. கோமதி வந்து சேர்ந்தபோது சாம்பல் கரைத்தாகிவிட்டது. அன்றிலிருந்து அம்மா எழுதுவது எதையும் அவள் நம்புவதில்லை.

"இது அவ அப்பா வளத்த பூனை, அண்ணாச்சி. சிட்டுன்னு பேரு. அவுக மடியிலயே கெடக்கும். ஒவ்வொரு கடுதாசியிலயும் சிட்டு எப்படி இருக்குன்னு கேக்கா. நல்லா இருக்குன்னு எழுதுதேன். 'அப்பாவும் நல்லா இருக்காருன்னுதானம்மா எழுதுன, சிட்டு உசுரோட இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அப்பத்தான் பிரசவத்துக்கு வருவேன்'னு எழுதிட்டா."

"போன்ல பேசக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பூனையை எஸ்.டி.டி. பூத்துக்குத் தூக்கிட்டுப் போயி பேசுன்னா சொல்ல முடியும், தம்பி?"

அண்ணாச்சிக்கு இக்கட்டு. பூனையைப் படம் எடுப்பது தொழிலுக்கு ஆகாது. பிள்ளைத்தாய்ச்சி ஆசையாகக் கேட்டதை இல்லை என்பதோ குடும்பத்துக்கே ஆகாது. இரண்டில் எது பெரிய பாவம் என்று கல்லாவுக்கு மேல் இருந்த சாமி படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நாளைக்கு நாங்க வீட்டுக்கு வாறோம். கடைக்குள்ள வேண்டாம்" என்றார்.

மறுநாள் முதல் வேலையாக ஒரு குழந்தையைக் காசு வாங்காமல் படம் எடுத்துச் சகுனத்தைச் சரிசெய்துகொண்டு, இருவரும் பஸ் ஏறினோம்.

"கலரா, கறுப்பு வெள்ளையா, அண்ணாச்சி?"

"பூனையே கறுப்பு வெள்ளைதானலே. கலரை எதுக்கு வீணாக்கணும்?"

கறுப்பு வெள்ளை என்றால் நாங்களே கழுவிக்கொள்ளலாம், மறுநாளே தபாலில் போட்டுவிடலாம் என்பது உண்மையான காரணம்.

பூனை வெள்ளை. முதுகிலும் வாலிலும் கறுப்பு. இடது கன்னத்தில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு. ரோலில் பன்னிரண்டு படம். அண்ணாச்சிக்கு மனிதர்களிடம் பேசிப் பழக்கம், பூனையிடமும் அதே மரியாதைதான். "இங்கன பாருங்க. மோவாயை லேசா எறக்குங்க" என்றார். பூனை எழுந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தது. பால் வைத்தோம், குனிந்து தலையை மட்டும் காட்டியது. நூல்கண்டு உருட்டினோம், நூல்கண்டு மட்டும் படத்தில் தெளிவாக விழுந்தது. அந்த அம்மா பிடித்துக்கொண்டார்கள், கண்ணை மூடிக்கொண்டது. கண் மூடிய படத்தைப் பம்பாய்க்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினோரு படம் போய்விட்டது.

அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "சங்கரா, மேலூரு கீழூரு ஆபீஸரெல்லாம் எம் முன்னால அசையாம உக்காந்துருக்கான். இது என்னையப் பொருட்டாவே மதிக்க மாட்டேங்குதே" என்றார். நாங்கள் அதைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அந்த அம்மா கொடுத்த காபியைக் குடிக்க ஆரம்பித்தோம். அப்போது பூனை தானாக வந்து, திறந்து கிடந்த கேமராப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, எங்களை நேருக்கு நேராகப் பார்த்தது. அண்ணாச்சி மூச்சு விடாமல் பைய கேமராவை எடுத்து, ஒரே அமுக்கு.

செல்வம், நீ கேட்டதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நாய் நம்மோடு படம் எடுக்கிற இடத்துக்கு வரும். எஜமான் கேமரா பக்கத்தில் நின்றால் கேமராவைப் பார்க்கும். அதனால் ஸ்டூடியோ காலத்தில் நாய் ஜெயித்தது. பூனை இருக்கிற இடத்துக்குக் கேமரா போக வேண்டும், அதுவும் வேலையில்லாமல் கிடக்கிற கேமராவாக இருக்க வேண்டும். பன்னிரண்டு படம் போதாது, நூறு வேண்டும். இப்போது கேமரா வீட்டுக்குள்ளேயே, தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, அமுக்கினால் செலவும் இல்லை. இன்னொன்றும் உண்டு. நாய் வளர்க்கிறவர் காலையில் தெருவோடு நடந்துபோய் நாயை ஊருக்கே காட்டிவிடுகிறார். பூனை வளர்க்கிறவர் யாரிடம் காட்டுவார்? வருஷக்கணக்காக வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த பெருமை, நெட் என்ற தெரு கிடைத்ததும் மொத்தமாக வெளியே வந்துவிட்டது. அங்கே குறுக்கே போனால் சகுனம் பார்ப்பவரும் இல்லை. உன் கல்யாணப் பெண் தோற்றது பூனையிடம் இல்லை, இத்தனை நாள் பெருமையை அடக்கி வைத்திருந்த பூனைக்காரர்களிடம்.

கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலமே ரோலைக் கழுவினோம். பன்னிரண்டாவது படம் பளிச்சென்று இருந்தது. பெட்டிக்குள் ராஜா மாதிரி பூனை. காய்ந்ததும் நெகட்டிவ் என் மேஜைக்கு வந்தது. நான் காந்திமதி பெயரைச் சொல்லி, வார்னிஷ் தடவி, பென்சிலை எடுத்தேன். காலையில் நேரில் பார்த்த பூனைதான். ஆனால் மேஜையில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு நாய் தெரியாது, பூனை தெரியாது, முகம்தான் தெரியும். முகத்தில் ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும். இடது கன்னத்தில் ஒன்று இருந்தது. காற்புள்ளி காற்புள்ளியாக அழகாக அடைத்தேன். என் வாழ்நாளில் செய்த நல்ல வேலைகளில் ஒன்று என்றே சொல்லலாம். அண்ணாச்சியும் பிரிண்டைப் பார்த்து, "ஏலே, பொண்ணு கேட்டு வந்துருவானுவ" என்றார். நேரம் கடத்த வேண்டாம் என்று கடையிலிருந்தே பம்பாய் விலாசத்துக்குப் போட்டுவிட்டோம். செண்பகத்தம்மாள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா கடிதத்தோடு வந்தார்கள். இந்தத் தடவை கையில் ஓலைப்பெட்டி இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு வாசித்தே காட்டினார்கள்.

"அம்மா, இது யார் வீட்டுப் பூனை? சிட்டுவுக்கு இடது கன்னத்தில் பொட்டு உண்டு என்பது எனக்குத் தெரியாதா? அப்பா அதற்குத் திருஷ்டிப் பொட்டு என்று சொல்வாரே. சிட்டு போய்விட்டது என்று ஒரு வரி எழுத உனக்கு மனசு வரவில்லை. வேறு பூனையைப் பிடித்துவைத்துப் படம் எடுத்திருக்கிறாய். இன்னும் என்னவெல்லாம் மறைத்திருக்கிறாயோ. நான் அங்கே வரவில்லை. பிரசவம் இங்கேயே ஆகட்டும். நீயும் வர வேண்டாம்."

அந்த அம்மா கடிதத்தை மடித்தார்கள். "ஒரு தடவை பொய் எழுதுனேன், அண்ணாச்சி. அதுக்கு இந்தத் தண்டனை சரிதான். ஆனா தலைப்பிரசவம். தாய் இல்லாம..." என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

அண்ணாச்சி ஷோகேஸ் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "சங்கரலிங்கம், கொஞ்சம் இங்கன வாறியளா. அந்த நெகட்டிவையும் எடுத்துட்டு வாங்க."

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "கொழந்தைப் பொட்டுல கை வைப்பியளா?"

"மாட்டேன், அண்ணாச்சி."

"அப்ப இது என்ன?"

நான் அந்த அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. "பொட்டு இருந்தா அசிங்கம்னு நெனச்சியளாக்கும்" என்று மட்டும் கேட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

டர்பன்டைனில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் பென்சில் போய்விடும். பொட்டோடு புதுப் பிரிண்ட் போட்டு அனுப்பிவிடலாம் என்றேன்.

"நல்லா யோசிச்சேரு வே" என்றார் அண்ணாச்சி. "பொட்டு எங்கன்னு கேட்டா, ஒடனே பொட்டோட வருது. பொட்டை வரஞ்சு அனுப்பிட்டாவன்னு நெனைக்க மாட்டாளா?"

நெல்லையப்பர் சன்னிதியில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்றேன். "நீரு இங்கன அடிக்குத கற்பூரம் பம்பாயில தெரியுமா?" என்றார். நெகட்டிவை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவர், நான் சேர்ந்த நாளிலிருந்து கேட்டறியாத ஒன்றைச் சொன்னார்.

"நெகட்டிவை அனுப்பு."

எங்கள் கடையிலிருந்து நெகட்டிவ் வெளியே போனது கிடையாது. எத்தனை பெரிய மனிதர் கேட்டாலும், "பிரிண்ட் எத்தனை வேணாலும் தாறேன், நெகட்டிவ் என் சாமி" என்பார். அந்த நெகட்டிவை, என் பென்சில் அப்படியே இருக்கிற நெகட்டிவை, அவள் கையிலேயே கொடுத்துவிடச் சொன்னார். அவளே வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கட்டும், அவளே துடைக்கட்டும் என்றார்.

கடிதத்தை நான்தான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். அன்றைக்கு முழுவதும் எழுதி எழுதிக் கிழித்தேன். "தங்கச்சிக்கு, போட்டோக் கடை சங்கரலிங்கம் எழுதுவது. பொய் சொன்னது உன் அம்மா இல்லை, என் பென்சில். பூனையின் இடது கன்னத்தில் சாம்பல் நிறத்தில் காற்புள்ளி மாதிரி கோடுகள் தெரியும். பெயின்ட் கடையில் டர்பன்டைன் வாங்கி, பஞ்சில் தொட்டு, அந்த இடத்தை மட்டும் பையத் துடை. உள்ளே பொட்டு இருக்கிறது. நான் அதைச் சுரண்டவில்லை, மூடித்தான் வைத்திருக்கிறேன்." இவ்வளவுதான் வந்தது.

இதுவும் போதாது என்று தோன்றியது. முன்பின் தெரியாத ஒருவன் எழுதியதை அவள் ஏன் நம்ப வேண்டும்? வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து என் கல்யாணத்துக்கு எடுத்த படத்தைத் தேடினேன். இரண்டு உண்டு. கன்னம் நிறைய அம்மைத் தழும்போடு ஒன்று. என் பென்சில் பட்ட பிறகு ஒன்று. பெண் வீட்டுக்குப் போனது இரண்டாவது.

"எதுக்கு அதை எடுக்கிய?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"பம்பாய்க்கு அனுப்ப."

"அங்கயும் ஒருத்தி ஏமாறணுமாக்கும்" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு படத்தையும் வாங்கிப் பார்த்து, தழும்பு இருக்கிற படத்தைத் தூக்கி மேலே வைத்தாள். "இதை மேல வையுங்க. அந்தப் புள்ளை ஒறையைப் பிரிச்சதும் நெசத்தைப் பாக்கட்டும்."

நாலையும் வைத்துப் பதிவுத் தபாலில் போட்டேன். அன்று சாயங்காலம் காந்திமதி சன்னிதியில் நின்று, நான் அழித்த பொட்டை நீதான் தாயே திருப்பிக் கொடுக்கணும் என்று கேட்டுக்கொண்டேன். பூனைக்காக வேண்டிக்கொண்டவன் அந்தச் சன்னிதியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பதில் செண்பகத்தம்மாளுக்கு வந்தது. ஒரே வரி. "வாறேன். சிட்டுவை நேரில் பார்க்கணும்." நம்பிவிட்டேன் என்று எழுதவில்லை.

வளைகாப்புக்குப் படம் எடுக்க எங்களையே கூப்பிட்டிருந்தார்கள். போய் இறங்கினால் அந்த அம்மா வாசலிலேயே நிற்கிறார்கள், முகத்தில் ரத்தம் இல்லை. கோமதி வந்து இரண்டு நாளாகிறது. அவளுக்கு முன்பே சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். வீடு நிறைய ஆளைப் பார்த்ததும் பூனை காணாமல் போய்விட்டது.

"தேடாத எடம் இல்ல, தம்பி. அவ ஒண்ணும் கேக்க மாட்டேங்கா. வெறுமனே என்னையப் பாக்கா. திரும்பிப் போற டிக்கெட்டையும் சேத்தே எடுத்துட்டு வந்துருக்கா."

வளையல் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள், சந்தனம் பூசினார்கள். எங்கள் அண்ணாச்சி "சாமியை நெனச்சுக்கிடுங்க" என்றபோது அந்தப் பெண் கேமராவைப் பார்க்காமல் மச்சுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோரும் பந்தலுக்குச் சாப்பிடப் போனார்கள். கூடம் காலியானது. விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்த நானும், அண்ணாச்சியும், தாயும் மகளும் மட்டும். சத்தம் அடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மச்சுப்படியில் முதலில் ஒரு வெள்ளைக் கால் தெரிந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கி, ஒன்றும் நடக்காதது மாதிரி வந்து, கோமதியின் பட்டுப்புடவைமேல் படுத்துக்கொண்டது.

அவள் அதைத் தடவிக் கொஞ்சவில்லை. பக்கத்தில் இருந்த செம்புத் தண்ணீரில் முந்தானை நுனியை நனைத்தாள். பூனையின் முகத்தைப் பிடித்து, இடது கன்னத்தை அழுத்தித் தேய்த்தாள்.

"அங்க நெகட்டிவ்ல தேச்சேன், பொட்டு வந்துது" என்றாள், எங்களைப் பார்க்காமலே. "இங்க தேய்க்கேன். போவுதான்னு பாப்போம்."

இருக்கிற பொட்டுதான் என்று எனக்குத் தெரியும், இருந்தும் நான் அம்மனைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை தேய்த்ததும் பூனை அவள் மணிக்கட்டில் ஒரு கீறு கீறிவிட்டு, படியில் போய் உட்கார்ந்து கன்னத்தை நக்கிக்கொண்டது. பொட்டு அப்படியே இருந்தது.

கோமதி கையில் வந்த ரத்தத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. அம்மா மஞ்சள்தூள் எடுக்க ஓடினார்கள். புடவையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மஞ்சள் இருக்கட்டும். உக்காரு. அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு மொதல்லருந்து சொல்லு. ஒண்ணையும் விடாத."

அந்த அம்மா உட்கார்ந்தார்கள். "எழுதாதேன்னு சொன்னதே உங்கப்பாதான்" என்று ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, "வாலே, வெளிய இருப்போம்" என்றார். பந்தலில் பாயசம் முடிந்து வெற்றிலை வந்த பிறகுதான் இருவரும் கைபிடித்து வெளியே வந்தார்கள். எல்லோரையும் நிற்கவைத்து எடுக்க வேண்டிய கடைசிப் படம் பாக்கி இருந்தது. எடுத்தோம்.

மறுநாள் அந்தக் கடைசிப் படத்தின் நெகட்டிவை அண்ணாச்சி என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். "பொண்ணுக்குக் கண்ணு வீங்கிக் கெடக்குலே. தாயிக்கும்தான். என்ன செய்யப் போற?"

வார்னிஷ் பாட்டிலைத் திறந்தேன். கண்ணாடிமேல் குனிந்து அந்த இரண்டு முகத்தையும் நெடுநேரம் பார்த்தேன். பிறகு பாட்டிலை மூடிவிட்டேன்.

"இருக்கட்டும், அண்ணாச்சி" என்றேன்.

வளைகாப்பு அன்றைக்கு இந்தப் பெண் ஏன் இப்படி அழுதிருக்கிறாள் என்று படத்தைப் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், அவள் அம்மா சொல்லிக்கொள்வார்கள்.